டெயில் மைனஸ் எஃப்பும் திருப்பூர்க்காரரும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டல. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. ஊருக்குப் போறப்பல்லாம் மாமா "என்னதான்டா வேலை பாக்குற?"ன்னு கேப்பார். "பொட்டி தட்டுறேன் மாமா"ன்னு சொல்லி எஸ்கேப் ஆயிடுவேன். போன தடவை விடல, துருவித் துருவிக் கேட்டார். "யாரோ அனுப்புன மெயில் போச்சா இல்லையான்னு மெஷின் ஒரு நோட்டுல எழுதும் மாமா, நான் அந்த நோட்டைப் படிக்கிறேன்"னு உண்மையைச் சொல்லிட்டேன். இதுக்கா நாலு வருஷம் பீஸ் கட்டினோம்னு ஒரு பார்வை பார்த்தார் பாருங்க... அவ்வ்வ்வ்.

அந்த நோட்டைப் பத்திதான் இந்தப் பதிவு. டெக்னிக்கல் மேட்டர்னு பாதியிலேயே ஓடிடாதீங்க மக்கா. நடுவுல ஒரு திருப்பூர்க்காரர் வர்றார். அவருக்காகத்தான் எழுதுறேன்.

2019ல காலேஜ் முடிச்சு, ரெண்டு இடம் மாறி, 2021ல சென்னையில ஒரு சின்ன ஹோஸ்டிங் கம்பெனியில சேர்ந்தேன். பேர் வேணாம். சின்னச் சின்ன வியாபாரிங்க, ஸ்கூல், ஆடிட்டர் ஆபீஸ் இவங்களுக்கெல்லாம் சொந்தப் பேர்ல மெயில் குடுக்குற வேலை. சர்வர்ல ஓடுறது போஸ்ட்ஃபிக்ஸ். வீட்ஸ வெனமா ஐபிஎம்ல இருந்தப்ப எழுதி 1998ல வெளிய விட்ட சாஃப்ட்வேர். இன்னைக்கும் கல்லு மாதிரி நிக்குது. லாக் எழுதுறதுக்கு சிஸ்லாக். இதுல ஒரு விஷயம் எனக்கு லேட்டாத்தான் தெரியும். இன்னைக்கு ரவுட்டர்லேர்ந்து ஃபயர்வால் வரைக்கும் எல்லாம் பேசுற இந்த சிஸ்லாக், 1980கள்ல எரிக் ஆல்மேன் சென்ட்மெயிலுக்காக எழுதினது. அதாவது மெயில் லாக் எழுதத்தான் அது பொறந்ததே.

சரி, மேட்டருக்கு வருவோம். ஒரு மெயில் போனா லாக்ல ஒரு வரி வரும்னுதான் நானும் நினைச்சிருந்தேன். வராது. அஞ்சாறு வரி வரும். வாசல்ல நிக்குறவன் "இந்த ஐபியிலேர்ந்து இந்த லாகின் பேர்ல ஒருத்தர் வந்தார்"னு ஒரு வரி எழுதுவான். உள்ள இருக்குறவன் மெசேஜ் ஐடிய எழுதுவான். க்யூவைப் பாத்துக்குறவன் அனுப்புனர் யாரு, எத்தனை பைட், எத்தனை பேருக்குன்னு எழுதுவான். கொண்டு போய்க் குடுக்குறவன் "குடுத்துட்டேன்", "அப்புறம் வரச் சொன்னாங்க", "வாங்க மாட்டேன்னுட்டாங்க"ன்னு ஆளுக்கு ஒரு வரி எழுதுவான். கடைசியா "க்யூவுல இருந்து எடுத்தாச்சு". இதுக்கு நடுவுல வேற நூறு மெயிலோட வரிங்க கலந்து கிடக்கும். கல்யாண வீட்டுல எல்லாரும் ஒரே நேரத்துல பேசுற மாதிரி. எது எதோட சேரும்னு கண்டுபிடிக்க ஒரே துருப்பு, ஒவ்வொரு வரியிலயும் இருக்குற க்யூ ஐடி.

நான் சேர்ந்தப்ப இந்த லாகை ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் படிப்போம். நாங்கன்னா நாங்க இல்ல, ஒரு ஸ்கிரிப்ட். ராத்திரி வரைக்கும் நடந்ததைக் கூட்டிக் கழிச்சு காலை ஆறரை மணிக்கு ரிப்போர்ட் அனுப்பும். அழகா இருக்கும். போனது இத்தனை, திரும்பினது இத்தனை, அதிகமா அனுப்புனவர் யாருன்னு டேபிள் போட்டுக் குடுக்கும்.

2021 ஆகஸ்ட்ல ஒரு நாள் அந்த டேபிள்ல முதல் வரியில ஒரு ஆடிட்டர் ஆபீஸ் மெயில் ஐடி. எண்ணிக்கை 40,000 சொச்சம். பாஸ்வேர்டை எவனோ ஆட்டையப் போட்டு, ராத்திரி ஒரு மணிக்கு ஆரம்பிச்சு விடிய விடிய ஸ்பாம் அனுப்பியிருக்கான். எங்க ரிப்போர்ட் அதை ஒரு பிசிறு இல்லாம பதிவு பண்ணியிருக்கு. போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் பிசிறு இல்லாம இருந்து என்ன பிரயோஜனம்? எங்க ஐபி பிளாக்லிஸ்ட்ல ஏறிடுச்சு. ரெண்டு நாள் எல்லா கஸ்டமரும் திட்டித் தீர்த்தாங்க.

டேமேஜர் கூப்பிட்டார். "ரியல் டைம்ல பாக்கணும்பா. நைட் நடக்குறது நைட்டே தெரியணும்."

இதென்ன பெரிய வித்தை, காலேஜ்ல படிச்சதுதானேன்னு ஒரு மதியத்துல எழுதிட்டேன். டெயில் மைனஸ் எஃப் போட்டா லாக்ல புதுசா விழுற வரி அப்படியே வந்துக்கிட்டே இருக்கும். அதை கிரெப்புக்குக் குடு, அங்கேருந்து ஆக்குக்குக் குடு. ஒரு லாகின்லேர்ந்து பத்து நிமிஷத்துல 200 பேருக்கு மேல மெயில் போனா என் போனுக்கு எஸ்எம்எஸ். மொத்தம் முப்பது வரி.

டெஸ்ட் பண்ணினப்பவே ஒரு சின்ன சறுக்கல். பகல்ல உடனே எஸ்எம்எஸ் வருது, ராத்திரி டெஸ்ட் பண்ணினா இருபது நிமிஷம் கழிச்சு வருது. மண்டையப் பிச்சுக்கிட்டேன். காரணம் இதுதான். கிரெப் தன்னோட பதிலை திரையில காட்டும்போது வரி வரியா குடுக்கும். இன்னொரு புரோகிராமுக்குக் குடுக்கும்போது 4096 பைட் சேரட்டும்னு கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். பகல்ல டிராஃபிக் அதிகம், சட்டுன்னு நிறைஞ்சிடும். ராத்திரி நிறையாது. வரிக்கு வரி தள்ளுன்னு ஒரு ஆப்ஷன் குடுத்தா கிரெப் சரியாயிடும். டெபியன்ல ஆக்குன்னு வர்ற மாக் இருக்கே, அதுவும் இதே வேலையப் பண்ணும், அதுக்குத் தனியா ஒரு ஆப்ஷன் குடுக்கணும். ரியல் டைம்னு பேர் வச்சிட்டா மட்டும் ஆயிடாதுன்னு அன்னைக்கே புரிஞ்சிருக்கணும். புரியல. சரி பண்ணிட்டு காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

அது அக்டோபர்ல ஒரு திங்கக்கிழமை ஓட ஆரம்பிச்சது. புதன்கிழமையே ஒரு திருடனைப் பிடிச்சது. 300 மெயில்லயே நிறுத்திட்டோம். டேமேஜர் டீ வாங்கிக் குடுத்தார். (ஆமாங்க, டீ மட்டும்தான்.) அதுக்கப்புறம் அலாரமே இல்ல. வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய்... ஒண்ணும் இல்ல. திருட்டுப் பசங்க பயந்துட்டானுங்கன்னு நிஜமாவே நினைச்சேன்.

அடுத்த புதன்கிழமை காலை ரிப்போர்ட்ல முதல் வரி, 31,000. செவ்வாய் ராத்திரி பதினோரு மணியிலேர்ந்து. மறுபடி பிளாக்லிஸ்ட். என் ஸ்கிரிப்ட் ஓடுதான்னு பார்த்தா ஜம்முன்னு ஓடிக்கிட்டு இருக்கு. எர்ரர் ஒண்ணும் இல்ல.

என்ன நடந்துச்சுன்னா, லாக் ஃபைல் வளர்ந்துக்கிட்டே போகக் கூடாதுன்னு லாக்ரொட்டேட் வாரம் ஒரு தடவை பழைய ஃபைலுக்கு வேற பேர் வச்சிட்டு, அதே பழைய பேர்ல புதுசா ஒரு ஃபைல் ஆரம்பிக்கும். எங்க சர்வர்ல அது ஞாயித்துக்கிழமை நடுராத்திரி. டெயில் மைனஸ் எஃப், அதாவது சின்ன எஃப், ஃபைல் பேரைப் பிடிச்சுக்கிட்டு நிக்குறது இல்ல. முதல்ல திறந்த ஃபைலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். தாசில்தார் ரிட்டையர் ஆகி வீட்டுக்குப் போயிட்டார், ஆபீஸ்ல புதுசா ஒருத்தர் நாற்காலியில உக்காந்து வேலை பாக்குறார், நம்மாளு மட்டும் மனுவை வச்சுக்கிட்டு ரிட்டையர் ஆனவர் வீட்டு வாசல்லயே நிக்குறான். யாரும் அவனைத் திட்டலை, விரட்டலை. அவனும் காத்துக்கிட்டே இருக்கான். பெரிய எஃப் போட்டிருந்தா நாற்காலியில யார் உக்காந்திருக்கான்னு அப்பப்ப பார்த்திருப்பான். சின்ன எஃப்புக்கும் பெரிய எஃப்புக்கும் நடுவுல 31,000 ஸ்பாம்.

இது வரைக்கும் கூட ஆபீஸ் கதைதான். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு போன் வந்துச்சு.

திருப்பூர்ல சின்னதா பின்னலாடை யூனிட் வச்சிருக்கிறவர். அம்பது வயசு தாண்டினவர். "ஏனுங் தம்பி, நானனுப்புன மெயிலு ஒண்ணு போச்சுங்களான்னு பாத்துச் சொல்றீங்களா?"

"எப்ப அனுப்புனீங்க சார்?"

"புதங்கெழமை வெடியால அஞ்சு மணிக்குங். ஜெர்மனிக்காரன் ஆபீஸ் தொறக்கறப்ப பொட்டியில இருக்கோணும்னு எப்பவுமே அந்நேரத்துக்குத்தானுங் அனுப்புவேன்."

தேடினேன். இருந்துச்சு. புதன் காலை 5 மணி 12 நிமிஷம். ஆறு வரி. அஞ்சாவது வரியில 550, 5.7.1, உங்க ஐபி பிளாக்லிஸ்ட்ல இருக்கு, வாங்க மாட்டோம். பவுன்ஸ். ஆறாவது வரி, க்யூவுல இருந்து எடுத்தாச்சு.

"சார், அது திரும்பி வந்திருக்குமே... மெயிலர் டீமன்னு ஒரு மெயில்?"

"அதுங்களா? டெமான்னு என்னமோ போட்டு இங்கிலீசுல வந்துச்சுங். வைரஸா இருக்கும்னு பயந்துபோயி அழிச்சுப் போட்டனுங்."

12,000 டி-ஷர்ட்டுக்கான விலை ஒப்புதல் அது. புதன்கிழமை சாயங்காலத்துக்குள்ள வரணும்னு அந்த ஊர்க்காரன் சொல்லியிருந்திருக்கான். வரல. ஆர்டர் வேற யாருக்கோ போயிடுச்சு. நான் மன்னிப்பு கேட்டேன். அவர் ஒரு நிமிஷம் ஒண்ணும் பேசல. அப்புறம், "பரவால்லீங் தம்பி. நீங்க வேணும்னா பண்ணுனீங்க? அடுத்த தடவ பாத்துக்கலாங்"னு சொல்லிட்டு வச்சிட்டார். திட்டியிருந்தா தேவலைன்னு தோணுச்சு.

ஸ்பாமைப் பிடிக்க முடியாம போனது ஒரு தப்பு. ஆனா எனக்கு ராத்திரி தூக்கம் கெட்டது அதனால இல்ல. அவரோட வரி புதன் காலை 5.12க்கே என் லாக்ல இருந்துச்சு. ஜெர்மனியில ஆபீஸ் முடிய இன்னும் முழு ஒரு நாள் இருந்துச்சு. யாராவது ஒருத்தர் அந்த ஒரு வரியைப் பார்த்துட்டு ஒரு போன் பண்ணியிருந்தா, அவர் தன்னோட ஜிமெயில்லேர்ந்தாவது அனுப்பியிருப்பார். நாங்க பார்த்தது காலை ரிப்போர்ட்ல "திரும்பினவை: 212"ங்கிற எண்ணிக்கையை. அந்த 212ல ஒருத்தர் அவர்னு யாரும் பார்க்கல.

அந்த சனி ஞாயிறு ஊருக்குப் போகாம உக்காந்து மொத்தத்தையும் பைத்தான்ல திரும்ப எழுதினேன்.

பெரிய எஃப் மட்டும் போட்டா போதாது. ஸ்கிரிப்ட் செத்துப் பொழைச்சா எங்க விட்டோம்னு அதுக்குத் தெரியாது. அதனால எந்த ஃபைல், அதோட ஐநோடு நம்பர் என்ன, எத்தனாவது பைட் வரைக்கும் படிச்சாச்சுன்னு சில நொடிக்கு ஒரு தடவை எழுதி வைக்கும். திரும்ப எந்திரிச்சா அங்கேருந்து படிக்கும். ஐநோடு மாறியிருந்தா பழைய ஃபைல்ல மிச்சம் மீதியைப் படிச்சு முடிச்சிட்டுத்தான் புதுசுக்குப் போகும். பேர் மாத்தினதுக்கு அப்புறமும் சிஸ்லாக்குக்கு சிக்னல் போற வரைக்கும் அது பழைய ஃபைல்லதான் எழுதிக்கிட்டு இருக்கும், அந்த வரிங்களை விட்டுடக் கூடாது இல்லையா. லாக்ரொட்டேட்டையும் பழைய ஃபைலை உடனே ஜிப் பண்ணாதே, அடுத்த சுத்துல பண்ணுன்னு மாத்தினேன். காப்பி எடுத்துட்டு ஒரிஜினலைக் காலி பண்ற இன்னொரு வழி இருக்கு, சுலபமா தெரியும், தொடாதீங்க. காப்பிக்கும் காலி பண்றதுக்கும் நடுவுல விழுற வரி காணாமப் போகும்னு அதோட மேனுவலே சொல்லுது.

அடுத்தது வரிங்களைக் கோக்குறது. லாகின் பேர் முதல் வரியிலதான் இருக்கும், போச்சா திரும்புச்சாங்கிறது கடைசிப் பக்கம் இருக்கும். க்யூ ஐடிய வச்சு ரெண்டையும் சேர்க்குற வரைக்கும் மெமரியில வச்சிருக்கணும். எவ்வளவு நேரம்? எதிர்ப்பக்கம் "அப்புறம் வா"ன்னு சொன்ன மெயிலை போஸ்ட்ஃபிக்ஸ் 5 நாள் வரைக்கும் முயற்சி பண்ணும், டீஃபால்ட்டே அதுதான். ஆக அஞ்சு நாள். இதுல ஒரு பள்ளம், வழக்கமான குட்டி க்யூ ஐடி திரும்பத் திரும்ப வரும். போன வாரம் வேற மெயிலுக்கு இருந்த ஐடி இன்னைக்கு வேற ஒருத்தருக்கு வரலாம். 2012ல வந்த 2.9லேர்ந்து நீளமான, திரும்ப வராத ஐடிக்கு ஒரு செட்டிங் இருக்கு. ஆன் பண்ணிக்கோங்க. அந்த நீள ஐடியில ஆங்கில உயிரெழுத்து ஒண்ணு கூட வராது, வெறும் எண்ணும் மெய்யும்தான். எங்க தமிழ் ஐயா பார்த்தா உயிர் இல்லாத மெய் எதுக்குடான்னு கேட்டிருப்பார் :-)

200க்கு மேல போனா அலாரம்ங்கிற என் பழைய ரூலும் தேறல. ஒரு ஸ்கூல்காரங்க பீஸ் கட்டச் சொல்லி 900 பேரண்ட்ஸுக்கு அனுப்புனாங்க, ராத்திரி பத்து மணிக்கு எனக்கு அலாரம். திருடனுக்கும் ஸ்கூலுக்கும் என்ன வித்தியாசம்னு பழைய லாகை எல்லாம் நோண்டிப் பார்த்தேன். எத்தனை மெயில்ங்கிறதுல இல்ல, எத்தனை வாசல்ங்கிறதுலதான் இருக்கு. ஸ்கூல் கிளார்க் ஒரே ஐபியிலேர்ந்து 900 அனுப்புவார். திருடன் ஒரே லாகின்ல அரை மணி நேரத்துல நாப்பது ஐபியிலேர்ந்து வருவான், அனுப்புறதுல பாதி இல்லாத முகவரிக்குப் போய்த் திரும்பும். இது ரெண்டும் சேர்ந்தா மட்டும் அந்த லாகினோட மெயிலை ஹோல்டுல போடுது. அழிக்குறது இல்ல, நிறுத்தி வைக்குது. காலையில ஒரு மனுஷன் பார்த்து விடுவிக்கலாம்.

சரி, இதெல்லாம் பண்ணியாச்சு. ஆனா ஒண்ணு மட்டும் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. இதுவும் ஒரு நாள் சத்தம் போடாம நின்னுட்டா? எர்ரர் வந்தா தெரியும். ஒண்ணுமே வரலைன்னா, எல்லாம் நல்லா இருக்குன்னு எடுத்துக்குறதா, பாக்குறவன் தூங்கிட்டான்னு எடுத்துக்குறதா?

நான் தங்கியிருந்த தெருவுல ஒரு கூர்க்கா வருவார். ராத்திரி ஒரு மணி வாக்குல தடியை ரோட்டுல தட்டிக்கிட்டு விசில் அடிச்சிட்டுப் போவார். முதல்ல தூக்கத்தைக் கெடுக்குறாரேன்னு எரிச்சலா இருக்கும். ஒரு வாரம் அவர் வரல. ஹவுஸ் ஓனர் அம்மா மூணாவது நாளே கண்டுபிடிச்சிட்டாங்க. "என்னப்பா, ரெண்டு நாளா விசில் சத்தமே கேக்கல?" அட, இதுதானேன்னு தோணுச்சு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை சர்வர் தனக்குத்தானே ஒரு குட்டி மெயில் அனுப்பிக்கும். அந்த மெயிலோட "குடுத்தாச்சு" வரியை என் ஸ்கிரிப்ட் லாக்ல பார்த்து, வேற ஒரு மெஷினுக்கு "பார்த்தேன்"னு சொல்லணும். ரெண்டு நிமிஷத்துல சொல்லலைன்னா அந்த மெஷின் என்னை எழுப்பும். போஸ்ட்ஃபிக்ஸ் நின்னாலும், சிஸ்லாக் நின்னாலும், டிஸ்க் நிறைஞ்சாலும், என் ஸ்கிரிப்ட் ரிட்டையர் ஆன தாசில்தார் வீட்டு வாசல்ல நின்னாலும், எதுவா இருந்தாலும் விசில் நின்னுடும். டீம்ல எல்லாரும் இதை கூர்க்கான்னுதான் கூப்பிடுறோம்.

2022 ஏப்ரல் 28ந்தேதி செர்ட்-இன் உத்தரவு வந்தப்ப இன்னொரு வேலை சேர்ந்துச்சு. லாகை 180 நாள் வச்சிருக்கணும், ஏதாவது அசம்பாவிதம்னா 6 மணி நேரத்துல சொல்லணும். ஒரு நாளைக்கு 4 லட்சம் மெயில், கிட்டத்தட்ட 600 எம்பி லாக். 180 நாளைக்கு 108 ஜிபி, ஜிப் பண்ணினா பத்துல ஒரு பங்கு. இடம் பெரிய விஷயமே இல்ல. யார் படிக்கலாம்ங்கிறதுதான் விஷயம். லாக்ல மெயில் உள்ள என்ன இருக்குன்னு இருக்காது, சப்ஜெக்ட் கூட இருக்காது. ஆனா யார் யாருக்கு எத்தனை மணிக்கு எழுதுறாங்கன்னு இருக்கும். ஒரு ராத்திரி அலாரத்தைத் துரத்திக்கிட்டு லாகை ஓட விட்டுப் பார்த்தப்ப, எங்க ஆபீஸ் ஆள் ஒருத்தர் வேற கம்பெனி ஹெச்ஆருக்கு எழுதுற வரி கண்ணுல பட்டுச்சு. பார்த்ததை எப்படிப் பார்க்காததா ஆக்குறது? அடுத்த நாள் அவர் முகத்தைப் பார்த்து குட் மார்னிங் சொல்ல எனக்குக் கூச்சமா இருந்துச்சு. அதுக்கப்புறம் லைவ் திரையில முகவரிக்குப் பதிலா அர்த்தமில்லாத குறியீடுதான் தெரியுற மாதிரி மாத்திட்டேன். முழு லாகைத் திறக்க ரெண்டு பேர் வேணும்.

கூர்க்கா தன் சம்பளத்தை வாங்கினது 2023 ஆகஸ்ட்ல. ஒரு ஞாயிறு காலை சர்வரை டெபியன் 12க்கு மாத்தினோம். எல்லாம் ஓகேன்னு டிபன் சாப்பிட உக்காந்தா ஏழு நிமிஷத்துல போன் அலறுது. பழைய லாக் வரி மாசப் பேர்ல ஆரம்பிக்கும், வருஷமே இருக்காது. (இதனால 2022 ஜனவரி 1ந்தேதி ஒரு கூத்து நடந்துச்சு, அது தனிப் பதிவுக்கு.) டெபியன் 12ல சிஸ்லாக், வருஷம், டைம் ஜோன் எல்லாம் சேர்த்து முழு நேரத்தை எழுத ஆரம்பிச்சிடுச்சு. நல்ல மாற்றம்தான். ஆனா என் ஸ்கிரிப்ட் மாசப் பேரைத் தேடிக்கிட்டு ஒரு வரி விடாம படிச்சு, ஒண்ணு கூட புரியாம, அமைதியா உக்காந்திருந்துச்சு. அதே பழைய அமைதி. இந்தத் தடவை ஏழு நிமிஷம், போன தடவை மூணு நாள். இட்லி ஆறுறதுக்குள்ள ஒரு வரி மாத்தி சரி பண்ணிட்டேன்.

இப்ப எங்க ஐபி மேல தப்பு சொல்லி யார் மெயிலாவது திரும்பினா, எண்ணிக்கையில சேர்றதுக்கு முன்னாடியே டியூட்டியில இருக்குறவருக்கு அந்த கஸ்டமர் போன் நம்பரோட ஒரு மெசேஜ் வரும். கூப்பிட்டு தமிழ்ல சொல்லணும், "உங்க மெயில் போகல, வேற வழியில அனுப்புங்க"ன்னு. எஸ்எம்எஸ் போதுமேன்னு டேமேஜர் சொன்னார். போன்தான்னு நின்னுட்டேன்.

திருப்பூர்க்காரர் இன்னும் எங்ககிட்டதான் இருக்கார். ஏன் போகலைன்னு நானும் கேக்கல. முக்கியமான மெயில் அனுப்பினா இப்பவும் எனக்கு ஒரு போன் பண்ணுவார். எனக்கு அது வேலையே இல்ல, ஆனா தேடிப் பார்ப்பேன். போன வாரம் கூட.

"போச்சுங்களா தம்பி?"

"போயிடுச்சு சார். 5 மணி 3 நிமிஷத்துக்கு அவங்க சர்வர் 250 சொல்லி வாங்கிக்கிச்சு."

"அப்ப அவன் பாத்துருவானுங்ளா?"

"வாங்கிக்கிச்சுன்னுதான் சார் எனக்குத் தெரியும். இன்பாக்ஸ்ல போட்டாங்களா, ஸ்பாம்ல தள்ளினாங்களான்னு இந்த லாக்ல தெரியாது."

"செரிங் தம்பி, நானே ஒரு போனப் போட்டுக் கேட்டுக்கறனுங்"னார்.